செர்ரி மரமும் எவர்சில்வரும்

எங்கள் வீட்டு அடுப்படியில் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் தாளிப்பில் உளுத்தம்பருப்பு சிவந்திருக்கிறதா, கருகிவிட்டதா என்று தெரியும். ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் வடக்குப் பார்த்தது. அதற்கு வெளியே கூரை போட்ட டெக். உள்ளே தரையிலிருந்து மேல்தளம் வரை கருஞ்சிவப்பில் செர்ரி மரக் கேபினெட்டுகள். நடுவில் கரும்பச்சைக் கிரானைட். நியூ ஜெர்சியில் 1990களின் பிற்பகுதியில் கட்டிய வீடுகளில் இந்தச் சேர்க்கையை அடிக்கடி பார்க்கலாம். அடர்ந்த நிறம்தான் அப்போது வசதிக்கு அடையாளம். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும் ஊரில் அந்த அடர்த்திக்குள் நின்று தினமும் இருவேளை சமைப்பது வேறு விஷயம்.

அந்தக் கிரானைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடைகளில் 'ஊபா டூபா' என்று விற்கும் பிரேசில் கல் அது. எட்ட நின்று பார்ப்பவர்கள் கருப்பு என்பார்கள். கிட்டே குனிந்தால் ஆழ்ந்த பச்சைக்குள் பொன்னிறத் துணுக்குகள் மினுங்கும். வியாபாரத்தில் கிரானைட் என்றாலும் நிலவியலார் அதைச் சார்னோக்கைட் வகையில் வைக்கிறார்கள். அந்த வகைக்குப் பெயர் வந்ததே நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லிலிருந்துதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். இது தெரிந்தபிறகு அந்தக் கல்லைப் பெயர்த்து எறிய எனக்கு மனம் வரவில்லை. கல் இருக்கட்டும், மரமும் இருக்கட்டும், இயந்திரங்களை மட்டும் மாற்றுவோம் என்று வீட்டில் முடிவானது.

மரத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிடச் சொன்னவர்கள் நிறையப் பேர். இருண்ட சமையலறைக்கு இங்கே எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் அதுதான். எனக்கு உடன்பாடில்லை. நல்ல அமெரிக்கக் கருஞ்செர்ரி எங்களுக்குப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் அலகேனிக் காடுகளில் விளைகிறது. அதற்குப் பேர்போன இடம் அது. ரேகை மெல்லிசாக, தடவினால் வழுவழுப்பாக இருக்கும் மரம். ஒரு கதவின் மூலையில் சின்னதாகக் கருப்புப் பிசின் கோடு ஒன்று ஓடுகிறது. மரம் உயிரோடு நின்ற காலத்தில் பட்ட ஏதோ ஒரு காயத்தின் தடம். அதன்மேல் வெள்ளை அடிக்க என்னால் முடியாது.

ஆக, மிச்சமிருந்தது இயந்திரங்கள். ஃபிரிட்ஜ் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. டிஷ்வாஷர் அடியில் கசிந்தது. இரண்டும் வீட்டோடு வந்த கருப்பு நிறத்தவை. புதிதாக வாங்குவதில் எங்களுக்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முகப்பு. இன்னொன்று 'பேனல் ரெடி' என்று கடைக்காரர்கள் சொல்வது. இயந்திரம் முகப்பில்லாமல் வரும். கேபினெட் செய்கிற மரத்திலேயே முக்கால் அங்குலப் பலகை செய்து அதன் கதவில் பொருத்திவிட வேண்டும். கைப்பிடியும் கேபினெட்டுக்குப் போட்டதே. மூடி வைத்தால் ஃபிரிட்ஜ் ஒரு அலமாரி. டிஷ்வாஷர் ஒரு இழுப்பறை. அது ஓடுகிறதா இல்லையா என்று தெரிய, சில மாதிரிகளில் தரையில் சிவப்பாக ஒரு வெளிச்சப்புள்ளி விழும். அவ்வளவுதான் அடையாளம்.

கடையில் எல்லோரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: அடுப்படி இருட்டாக இருந்தால் ஸ்டீல் போடுங்கள், வெளிச்சமாகிவிடும். நான் இதை நம்பவில்லை. ஸ்டீலுக்குச் சொந்தமாக வெளிச்சம் ஏது? கல்யாணச் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு போய், ஃபிரிட்ஜ் கதவின் மங்கல் மினுக்கத்துக்கு வந்திருந்தது. அதை எடுத்துப் போய் டிஷ்வாஷர் இருக்கும் இடத்தில், கவுண்ட்டருக்குக் கீழே, சாய்த்து வைத்தேன். தாம்பாளம் கருத்துப் போனது. எதிரில் இருந்தது செர்ரிக் கதவும் அதன் நிழலும். அதைத்தான் அது காட்டியது. பிறகு ஃபிரிட்ஜ் நிற்கும் சுவர்ப்பக்கம், நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டேன். அந்தச் சுவர் ஜன்னலுக்கு நேரெதிர். வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாமல், நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக வரும். தாம்பாளம் அதை வாங்கி அறைக்குள் திருப்பிப் பரப்பியது. கைக்கும் கவுண்ட்டருக்கும் நடுவே நிழல் இளகியது கண்ணுக்கே தெரிந்தது.

ஒரே உலோகம், ஒரே அறை, பத்தடி தூரம். ஓரிடத்தில் அது விளக்கு. இன்னோரிடத்தில் அது கரி. யாராவது இருட்டுச் சமையலறைக்கு யோசனை கேட்டால் இப்போது நான் சொல்வது இதைத்தான்: ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு காலை, மதியம், மாலை என்று சுற்றி வாருங்கள். எந்த ஷோரூமிலும் இந்த விடை கிடைக்காது. அங்கே மேலே நாற்பது விளக்கு எரியும்.

இயந்திரத்துக்கு முன்னால் வெளிச்சத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பதும் அப்போது உறுதியானது. மேல் கேபினெட்டுகளின் அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டினோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வழுவழுவென்று மெருகேற்றிய கருங்கல்லில் வெறும் பட்டையை ஒட்டினால் ஒவ்வொரு பல்பும் தனித்தனிப் புள்ளியாகக் கல்லில் தெரியும். சமைக்கிறவர் கண்ணைக் குத்தும். பாலேடு நிறத்து மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் வைத்து, கேபினெட்டின் முன்விளிம்பை ஒட்டிப் பொருத்தினால் புள்ளிகள் கலந்து ஒரே கோடாகிவிடும். வெட்டுப்பலகையின் மேல் கையின் நிழலும் விழாது. 3000 கெல்வின் அளவில் எடுத்தோம். 4000க்கு மேலே போனால் செர்ரியின் சிவப்பு செத்து மண்ணிறமாகிவிடுகிறது. நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. 90க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. பொன்னிறமாக வறுக்கவும் என்று சொல்லும் சமையல் நம்முடையது. தனியா வாசனை வருவதற்கும் கருகுவதற்கும் இடையில் சில நொடிகள்தான். மூக்கு பாதி சொல்லும், மீதியைக் கண்தான் சொல்லவேண்டும்.

வெளிச்சம் வந்தபின் அறை வேறாகத் தெரிந்தது. பாதி வேலை முடிந்த நிம்மதி. மறைப்பதா, காட்டுவதா என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

மறைக்க வேண்டும் என்றவர் என் கணவர். அவர் தரப்பு லேசானதல்ல. எங்கள் அடுப்படிக்கும் உட்காரும் அறைக்கும் நடுவே சுவர் கிடையாது. சோபாவில் உட்கார்ந்தால் நேரே தெரிவது ஃபிரிட்ஜ். "நாள் முழுக்க ஸ்கிரீனும் மெஷினும் பாத்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தா மரத்தைப் பாக்கணும்னு இருக்கு" என்றார். இப்படி ஒருவர் சொல்லும்போது அதை அழகு பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அது ஓய்வு பற்றிய பேச்சு.

இந்தச் சுவர் இல்லாமல் போனதுதான் மொத்தப் போக்குக்கும் வேர். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை ஒரு தனி அறை. கிட்டத்தட்ட ஆறடிக்குப் பதினோரடி. வேலை செய்ய மட்டும். கதவைச் சாத்தினால் அதன் சத்தமும் சாமானும் அதனோடு. அமெரிக்க வீடுகளில் அந்தச் சுவர் படிப்படியாகப் போயிற்று. சமையலறை கூடத்துக்குள் வந்தது. வந்தபின் இயந்திரங்களுக்கு உடை மாற்றுவது ஒரு ஓயாத வேலையாகிவிட்டது. 1960, 70களில் அவகாடோப் பச்சை, கோதுமைப் பொன், அப்புறம் பாதாம் நிறம், அப்புறம் கருப்பு. 1987இல் மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊரிலிருந்து ஃபிரெட் கார்ல் என்பவரின் வைக்கிங் நிறுவனம், ஓட்டல் அடுப்பின் உடற்கட்டோடு வீட்டு அடுப்பை விற்கத் தொடங்கியது. ஓட்டல் சமையலறையின் ஸ்டீல் வீட்டுக்குள் வர அது பெரிய காரணம். மறைக்கிற பக்கத்தில் சப்-ஜீரோ மாதிரியான நிறுவனங்கள். 1945இல் விஸ்கான்சினின் மேடிசனில் தொடங்கியது அது. ஃபிரிட்ஜை அலமாரிக்குள் அடக்குவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது.

எனக்கு இதையெல்லாம் படிக்கும்போது நினைவில் நின்றது நம் ஊர்க் கூடங்கள். நான் வளர்ந்த தெருவில் ஃபிரிட்ஜ் வந்த வீடுகளில் அது அடுப்படியில் இருக்காது, கூடத்தில் இருக்கும். அடுப்படியில் இடமில்லை, புகை, சரியான பிளக் பாயின்ட் இல்லை என்று காரணங்கள் உண்டு. ஆனால் வாசலில் நுழைகிறவர் கண்ணில் படவேண்டும் என்பதும் காரணம்தான். ஆல்வினோ கெல்வினேட்டரோ, தலையில் பின்னல் விரிப்பு, கைப்பிடிக்குத் துணி உறை, பக்கத்தில் ஸ்டெபிலைசர். எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஐஸ் கட்டி கேட்டு வரும். கிண்ணத்தோடு வந்து நிற்கிற அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் யாரும் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. மாத்திரை வைக்க, இன்சுலின் வைக்க, யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் பூ வைக்க என்று தெருவுக்கே அது பொது.

எவர்சில்வருக்கும் அதே மரியாதை. ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் அரிக்காமலிருக்க உலோகம் தேடியபோது கையில் அகப்பட்டது அது. குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேலே சேர்ந்தால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது. கீறினாலும் காற்று பட்டுத் தானே மூடிக்கொள்கிறது. நம் வீடுகளுக்கு அது கொடுத்த விடுதலை வேறு. பித்தளைக்கு ஈயம் பூச ஆளைத் தேட வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ரசம் களிம்பேறாது. பழைய துணியைக் கொடுத்துப் பாத்திரக்காரம்மாவிடம் பேரம் பேசி வாங்கிய தூக்குகள், அடுக்குகள், விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டிய தட்டுகள். சுவர் ஸ்டாண்டில் அவை வரிசையாக நின்று, ஒரு குண்டு பல்பின் வெளிச்சத்தைப் பத்தாக்கித் தரும். புகை படிந்த அந்த அடுப்படிகளில் அதுதான் அலங்காரம், அதுதான் வெளிச்சம். அந்த உலோகத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அதைப் பலகை போட்டு மறைக்கப் பெரிய பணம் கொடுப்பது எளிதில் ஒப்பவில்லை.

அம்மா அப்போது எங்களோடு இருந்தார். எங்கள் தெருவிலேயே தோழி ஒருத்தி வீட்டில் சமையலறையை முழுக்கப் புதுப்பித்திருந்தாள். வெள்ளை மேப்பிள், எல்லாமே பேனலுக்குள். நிஜமாகவே அழகான வேலை. கோடு பிசகாமல் சேர்த்திருந்தார்கள். அவள் வீட்டு நவராத்திரிக்குப் போயிருந்தோம். அம்மா தயிர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், ஒரு கதவைத் திறந்தார், மளிகை. இன்னொன்றைத் திறந்தார், துடைப்பம். நான் எட்டிப் பார்த்தபோது பாத்திரத்தோடு நடு அறையில் நின்றிருந்தார். "ஏண்டி, இவா வீட்ல பிரிட்ஜ் எங்க இருக்கு?" தோழி ஓடிவந்து, "மாமி, இதோ" என்று ஒரு அலமாரிக் கதவை இழுத்தாள். உள்ளே விளக்கு எரிந்ததும் அம்மா வியந்து போனார். கதவைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ நன்னா பண்ணிருக்கா" என்று மனசாரப் பாராட்டினார்.

இரவு வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அழகாத்தான் இருக்கு. ஆனா வந்தவா ஒரு வாய் தண்ணி வேணும்னாலும் கேட்டுத்தான் எடுத்துக்கணும். கேக்கக் கூச்சப்படறவா எத்தனை பேர் இருக்கா."

என் கணவர் பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் வீட்டில் யார் யாரோ வந்து தங்குகிறார்கள். வேலை தேடி வந்த உறவுப் பையன், பிரசவத்துக்கு உதவ வந்துவிட்டு ஊர் திரும்புமுன் ஒருவாரம் இருக்கிற அத்தை, பல்கலைக்கழகத்திலிருந்து வார இறுதிக்கு வரும் பிள்ளைகளும் அவர்களின் சிநேகிதர்களும். பாதி ராத்திரியில் பசித்தால் விளக்கைக்கூடப் போடாமல் நேரே போய்த் திறக்கிற ஒரு கதவு அவர்களுக்கு வேண்டும். அந்தக் கதவு தன்னை இன்னதென்று சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும். அம்மா சொன்னதற்கு மேல் எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை. ஃபிரிட்ஜ் தெரியட்டும் என்று அன்றைக்கே மனத்தில் முடிவாகிவிட்டது.

அந்த முடிவுக்கு மரமே இன்னொரு காரணம் கொடுத்தது. அளவெடுக்க வந்த தச்சர், உறுமும் பழைய ஃபிரிட்ஜை முன்னால் இழுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அதன் பக்கவாட்டில் மறைந்திருந்த கேபினெட் பலகை வெளிறிய இளஞ்சிவப்பில் இருந்தது. மேல் இடுக்கு வழியாக வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் விரலகலத்துக்குக் கருஞ்சிவப்பு. செர்ரி மரம் வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் கருக்கும். வாங்கும்போது வெளிறியிருப்பது இருபது வருஷத்தில் இந்த நிறத்துக்கு வருகிறது. "இன்றைக்குப் புதிதாகப் பலகை செய்தால் இப்படித்தான் இருக்கும்" என்று அந்த வெளிறிய இடத்தைத் தட்டினார். சாயம் ஏற்றிச் சேர்க்கலாம். ஆனால் சாயத்துக்கு அடியில் புது மரம் தன் போக்கில் கருத்துக்கொண்டே போகும், இன்று சேர்ந்த நிறம் இரண்டு வருஷத்தில் பிரிந்து நிற்கும். ஃபிரிட்ஜ் கதவு ஏறக்குறைய ஆளுயரம். அவ்வளவு பெரிய பரப்பில் நிறம் பிசகினால் மறைப்பதற்குப் போட்ட பலகையே வீட்டில் எல்லோர் கண்ணையும் இழுக்கும்.

பணக் கணக்கும் அதே பக்கம் சாய்ந்தது. எங்கள் இடத்துக்கு ஏற்ற 36 அங்குல ஸ்டீல் ஃபிரிட்ஜ் மூவாயிரம் டாலருக்குள் கிடைத்தது. அதே அகலத்தில் பேனலுக்கென்றே செய்தது அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையவில்லை. பலகையும் கூலியும் தனி. ஃபிரிட்ஜுக்கு ஆயுள் பத்துப் பதினைந்து வருஷம்; கேபினெட் அதற்கப்புறமும் நிற்கும். நன்றிநவிலல் நாள் விடுமுறையில், வீடு நிறைய ஆள் இருக்கும்போது ஃபிரிட்ஜ் நின்றுபோனால் ஸ்டீல்காரர் மறுநாள் கடைக்குப் போய் அகலம் சரியாயிருக்கிற எதையாவது வாங்கிவந்துவிடலாம். பேனல்காரருக்குக் கீல், ஆழம், பலகையின் எடை எல்லாம் பொருந்த வேண்டும். அநேகமாக அதே கம்பெனிக்குத்தான் திரும்பப் போகவேண்டியிருக்கும்.

டிஷ்வாஷரில் கணக்கு தலைகீழ். அங்கே ஸ்டீலுக்கும் பேனலுக்கும் இயந்திர விலையில் பெரிய வித்தியாசமே இல்லை. அது இருக்கும் இடமும் தாம்பாளம் கருத்துப்போன அதே நிழல். விருந்தாளி அதைத் தேட வேண்டிய தேவையும் இல்லை. அதைத் திறந்து அடுக்குவது வீட்டாள் வேலை. சோபாவிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குக் கீழ்வரிசை முழுக்க மரமாகவே ஓடட்டும் என்று அதை மட்டும் பேனலுக்குக் கொடுத்தோம். என் கணவர் கேட்ட ஓய்வுக்கு இதில் நியாயம் கிடைத்ததாக நினைக்கிறேன்.

பலகைக்கு எங்கே போவது? 1990களின் வீடுகளில் அடுப்படி மூலையில் ஒரு எழுதுமேசை கட்டிவைப்பது வழக்கம். டெலிபோன், கரன்ட் பில், செக் புத்தகம் எல்லாம் வைத்து, உட்கார்ந்து எழுதுவதற்கு. எங்கள் வீட்டில் அது விளம்பரக் காகிதம் சேரும் இடமாகத்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு அரிசி, பருப்பு வைக்க அலமாரி போடலாம் என்றிருந்தோம். மேசையின் ஓரத்தில் தரையிலிருந்து நிமிர்ந்து நின்ற பக்கப்பலகை இருபத்துநான்கு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். டிஷ்வாஷருக்குக் கேட்பதும் அதுவே. அதே மரம், அதே வருஷம், அதே ஜன்னல் வெளிச்சத்தில் கருத்தது.

தச்சர் அதை வெளியே டெக்கில் கிடத்தி, அறுக்கும் கோட்டின்மேல் நீலக் காகித டேப்பை ஒட்டி, அதன்மேல் அறுத்தார். மேல் ரேகை பிய்யாமலிருக்க. அறுத்த விளிம்பில் உள்மரத்தின் அடுக்குகள் தெரிந்தன. அதே செர்ரியின் மெல்லிய நாடாவைச் சூடுபோட்டு ஒட்டி மறைத்தார். அடிவிளிம்பில் நீராவி ஏறும் என்று வார்னிஷை இரண்டு கை பூசி ஒரு ராத்திரி காயவைத்தார். மறுநாள் டிஷ்வாஷர் கதவின் உள்பக்கத்திலிருந்து திருகாணி போட்டுப் பொருத்தியதும் கதவு பலகையின் கனத்தில் படாரென்று கீழே விழுந்தது. அதன் ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, விரலை எடுத்தாலும் பாதியில் நிற்கும்படி கொண்டுவந்தார். மற்றக் கதவுகளுக்கு நடுவில் மேடு உண்டு. இது தட்டையான பலகை. உற்றுப் பார்த்தால் தெரியும். நிறம் மட்டும் எந்த வெளிச்சத்திலும் பிரிவதில்லை. எனக்கு அது போதும்.

அடுப்புக்குப் பலகை போடுவது எந்த வீட்டிலும் நடக்காத காரியம். எவ்வளவு பணம் கொட்டி மறைத்த சமையலறையிலும் அடுப்பு திறந்த முகத்தோடுதான் நிற்கும். எங்கள் அடுப்பும் ஸ்டீல். ஃபிரிட்ஜுக்கு அது துணை. கருப்பு ஸ்டீல் என்று ஒன்றையும் காட்டினார்கள். அது மேலே ஏற்றிய பூச்சு. கீறல் விழுந்தால் அடியிலிருக்கும் வெள்ளை உலோகம் பல்லைக் காட்டும் என்பதால் அதிகம் யோசிக்கவில்லை.

விரல்தடம் விழும் என்று ஸ்டீலைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். விழத்தான் செய்கிறது. ஈரத்துணியால் ரேகை ஓடும் திசையிலேயே துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றினால் போதும். குறுக்கே தேய்க்கக் கூடாது. கம்பி நாரை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நாரின் இரும்புத் துகள் தங்கித் துருப்பிடிக்கும். பிளீச்சிங் தண்ணீரும் ஆகாது. மஞ்சள்கை பட்டால் தயங்க வேண்டாம், ஸ்டீலில் மஞ்சள் ஊறாது. மரம்தான் நம் சமையலுக்கு அதிகக் கவனம் கேட்கிறது. தாளிப்பின் எண்ணெய் ஆவி கேபினெட் மேல்விளிம்புகளில் படிந்து, தூசியோடு சேர்ந்து, பிசுபிசுவென்று ஒரு மஞ்சள் படலமாகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் அவ்வப்போது துடைத்தால் வராமல் காக்கலாம். முழு ஃபிரிட்ஜுக்கும் மரம் போட்டிருந்தால், எந்நேரமும் கை படும் கதவைச் சுற்றி இந்த வேலை நித்தியப்படி ஆகியிருக்கும்.

காந்தம் ஒட்டுமா என்று கடையிலேயே பார்த்துக்கொண்டேன். தாம்பாளத்தில் காந்தம் நிற்காது. பதினெட்டு பங்கு குரோமியமும் எட்டு பங்கு நிக்கலும் சேர்ந்த 304 வகை அது. ஃபிரிட்ஜ் கதவுகள் பலவற்றில் நிக்கல் இல்லாத 430 வகை, அதில் நிற்கும். எங்களுக்கு அது வேண்டும். தமிழ் மாதக் காலண்டர், பள்ளி விடுமுறைப் பட்டியல், ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது வாங்கிக் கொடுக்கும் பிள்ளையார், அம்மா கைப்பட எழுதிக் கொடுத்த சாம்பார்பொடி அளவு. மிளகாய் எத்தனை, தனியா எத்தனை என்று பார்க்க நான் இன்னும் அந்தக் காகிதத்துக்குத்தான் போகிறேன். பலகைக் கதவில் அதற்கு இடமில்லாமல் போயிருக்கும்.

மிச்சமிருப்பது சிம்னி. அடுப்புக்கு மேலே மாட்டிய மைக்ரோவேவின் விசிறிதான் இப்போதைக்கு. அது புகையை வெளியே அனுப்புவதில்லை. ஒரு வடிகட்டி வழியாகச் சுற்றி அறைக்குள்ளேயே விடுகிறது. மிளகாய் வறுத்தால் மாடி அறை வரை இருமல். கூரைக்கோ பக்கச் சுவருக்கோ குழாய் எடுத்து வெளியே தள்ளினால்தான் இந்த மரமும் கல்லும் மூச்சு விடும், நாங்களும் விடுவோம். சுவரை உடைக்க நகராட்சி அனுமதி வேண்டும், விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறோம். குளிர் இறுகி ஜன்னலைச் சாத்துவதற்குள் குழாய் போய்விட வேண்டும் என்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.